விளிம்பின் மெருகு: வடசென்னைத் துறைமுகமும் தோற்காலணித் தொழிலும்

முன்னுரை

தமிழர் அணிந்த ஆடையையும் அணிகலனையும் பற்றி நூல்கள் பல வெளிவந்துள்ளன. காலில் அணிந்ததைப் பற்றிய ஆய்வு அந்த அளவுக்கு வளரவில்லை. காலணி தாழ்ந்த பொருள், அதனைச் செய்வோர் தாழ்ந்தோர் என்னும் எண்ணம் ஆய்வுலகையும் விட்டுவைக்கவில்லை போலும். ஆயினும், தோலை ஒதுக்கிவிட்டுச் சென்னை நகரின் பொருளியல் வரலாற்றை எழுத இயலாது. இராயபுரத்தில் தொடங்கிய இருப்புப் பாதை, அதனை அடுத்து எழுந்த துறைமுகம், வண்ணாரப்பேட்டையில் அமைந்த தோல் தொழிற்பள்ளி, மாதவரத்துப் பதனிடும் கூடங்கள், பெரியமேட்டுத் தோல் மண்டிகள் ஆகிய யாவும் சேர்ந்து வடசென்னையைத் தோல் வணிகத்தின் வாயிலாக ஆக்கின.

இவ்வரலாற்றை ஏற்றுமதிக் கணக்குகளைக் கொண்டு எழுதலாம். சட்டங்களையும் ஆணைகளையும் கொண்டும் எழுதலாம். இக்கட்டுரை மிகச் சிறியதோர் இடத்திலிருந்து அதனை நோக்க முற்படுகிறது. அவ்விடம் தோற்காலணியின் அடித்தோல் விளிம்பு. ஒரு விரற்கடை அகலமும் இல்லாத அவ்விளிம்பைச் சீவி, தேய்த்து, சாயமிட்டு, மெழுகேற்றி மெருகிடுவதே காலணித் தொழிலின் இறுதி வேலைகளுள் ஒன்று. அந்த முடிப்பு வேலை எங்கே நடந்தது, யார் அதனைச் செய்தார், அதன் பயன் யாரைச் சேர்ந்தது என்னும் மூன்று வினாக்களே இக்கட்டுரையின் அடிப்படை.

விளிம்பு வேலை

முறையாகத் தைக்கப்பட்ட தோற்காலணி ஒன்றில் நான்கு பகுதிகளைக் காணலாம். பாதத்தை மூடுவது மேல்தோல். பாதம் படிவது உள்ளடித்தோல். தரையில் படுவது அடித்தோல். மேல்தோலையும் அடித்தோலையும் இணைக்க நடுவே சுற்றித் தைக்கப்படும் ஒடுங்கிய தோற்பட்டை தொழிலில் ‘வெல்ட்’ எனப்படும். தைத்து முடித்தபின் இப்பட்டையும் அடித்தோலும் காலணியைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் அளவு வெளியே நீண்டு நிற்கும். குதிப்பகுதியில் தோல் அடுக்குகள் படிப்படியாக வெளித்தெரியும். அந்நிலையில் அவ்விளிம்பு அறுத்த பலகையின் ஓரம்போல் கரடுமுரடாக இருக்கும்.

விளிம்பு வேலை செய்வோர் முதலில் கூரிய கத்தியால் மிகையான தோலைச் சீவுவர். கத்தி தையலுக்கு நெருக்கமாகச் செல்ல வேண்டும். தையலைத் தொட்டுவிடக் கூடாது. பின்னர் அரத்தால் ராவி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்ப்பர். உப்புத்தாள் முதலில் பருமணலாகவும் பின்னர் நுண்மணலாகவும் மாறும். அடுத்து விளிம்பை நீரால் நனைத்து, எலும்பு அல்லது வழவழப்பான மரத்துண்டு கொண்டு அழுத்தித் தேய்ப்பர். இழைகள் படிந்து இறுகும். அதன்பின் சாயம், சாயம் உலர்ந்தபின் மெழுகு, மெழுகின்மேல் சூடேற்றிய இரும்பு. இரும்பின் சூட்டில் உருகிய மெழுகு இழைகளின் இடுக்கில் இறங்கி உறையும். இறுதியில் துணியால் தேய்க்க விளிம்பு கண்ணாடிபோல் ஒளிரும். வெல்டின் மேற்பரப்பில் தையல்களுக்கு இடையே பற்சக்கரத்தைச் சூடேற்றி உருட்டிச் சீரான வரிகள் பதிப்பதும் உண்டு.

இது வெறும் ஒப்பனை அன்று. தோலின் மேற்பரப்பைவிட அதன் வெட்டு முகமே நீரை விரைந்து உறிஞ்சும். மெழுகேறிய விளிம்பு அந்நீரைத் தடுக்கிறது. கடற்காற்றும் உப்புநீரும் மிக்க துறைமுகப் பகுதியில் இதன் இன்றியமையாமை கூடுதலாகும். விளிம்பு வழியே புகுந்த உப்புநீர் தையல் நூலை நைய வைக்கும். உலர்ந்தபின் தோலின்மேல் உப்புப் பூக்கும். அடுக்குகள் வாய் பிளக்கும். எனவே விளிம்பின் மெருகு காலணியின் ஆயுளுக்கு இடும் காப்பு எனலாம்.

இலக்கியத்தில் தோற்றொழில்

தொண்டை நாட்டு மன்னன் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் காலணியைக் குறிக்க இரண்டு தொடர்கள் வருகின்றன. ஆயர் அணிந்தது ‘தொடுதோல்’. மலைவளமும் கடல்வளமும் கொண்டு வழிநடக்கும் வணிகர் அணிந்தது ‘அடிபுதை அரணம்’. முன்னது தொடுத்த தோல் என்று செய்முறையைச் சுட்டுகிறது. பின்னது அடியை மறைத்துக் காக்கும் அரண் என்று பயனைச் சுட்டுகிறது. இந்நூலின் ஆசிரியராகிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரே துறைமுக நகரைப் பாடிய பட்டினப்பாலைக்கும் ஆசிரியர் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அந்நூலிலும் தொடுதோல் இடம்பெறுகிறது.

சிலப்பதிகாரம் இன்னும் ஒரு செய்தியைத் தருகிறது. புகார் நகரின் மருவூர்ப்பாக்கம் கடலை ஒட்டியது. வணிகரும் தொழிலாளரும் வாழ்ந்தது. பட்டினப்பாக்கம் அரசரும் பெருங்குடியினரும் வாழ்ந்தது. தோலைத் தைப்போரைத் ‘தோலின் துன்னர்’ எனக் குறித்து, அவர்களை மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரிடையே இளங்கோவடிகள் நிறுத்துகிறார். துறைமுகத்தின் பக்கமே தோற்றொழிலின் பக்கம் என்னும் அமைப்பைச் சென்னையிலும் காண்கிறோம்.

புறநானூற்றின் 82ஆம் பாடல் எல்லாவற்றினும் கருதத்தக்கது. ஊரில் விழா, இல்லத்தில் மனைவிக்குப் பேறுகாலம், பொழுது சாயும் வேளை, மழையும் பெய்கிறது. அவ்வேளையில் கட்டிலைத் தோல்வாரால் பிணிக்கும் ஒருவனின் ஊசி எத்துணை விரைவாக இயங்குமோ, அத்துணை விரைவானது போர்வைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போர் என்கிறார் சாத்தந்தையார். மன்னனின் வீரத்தை அளக்க அவர் தேர்ந்த அளவுகோல் தோற்றொழிலாளியின் கைவிரைவு. அதே பாடல் அத்தொழிலாளியை ‘இழிசினன்’ என்னும் சொல்லாலேயே குறிக்கிறது. கைத்திறனுக்கு உவமைப் பெருமையும், கையுடையானுக்கு இழிபெயரும் ஒரே பாடலில் அமைந்துள்ளன. இந்த முரண் சங்க காலத்தோடு முடிந்துவிடவில்லை.

ஆவாரம்பட்டையும் இராயபுரம் பாதையும்

வறண்ட நிலத்தில் தானே வளரும் ஆவாரஞ்செடியின் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. அப்பட்டையில் ஊறிய தோல் அழுகாது; உறுதியும் மென்மையும் பெறும். கடுக்காய் நீரில் தோய்த்தால் நிறம் வெளுத்து மெருகு கூடும். நாட்டார் அறிந்திருந்த இம்முறையை 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஏற்றுமதிக்கு ஏற்றவாறு திருத்தியமைத்தவராகப் புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டி சூசா குறிக்கப்படுகிறார். இவ்வாறு பதனிட்ட தோல் உலகச் சந்தையில் ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்றும், சுருக்கமாக ‘ஈ.ஐ.’ தோல் என்றும் பெயர் பெற்றது.

இவ்வணிகம் பெருகுவதற்கு இருப்புப் பாதை வழி வகுத்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் தொடர்வண்டி 1856ஆம் ஆண்டு சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. வாலாஜாவை அடுத்தது இராணிப்பேட்டை. பாதை மேற்கே நீண்டு, 1862இல் மேற்குக் கடற்கரையை எட்டியபோது குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் அதன் வழியில் அமைந்தன. பாலாற்றங்கரையின் தோல் பதனிடும் ஊர்கள் இராயபுரத்தோடு இருப்புப் பாதையால் இணைந்தன. 1873இல் சென்னை சென்ட்ரல் நிலையம் எழும்வரை நகரின் தலைமை நிலையமாக விளங்கியது இராயபுரமே. அக்கட்டடம் இன்றும் நிற்கிறது.

இராயபுரம் வந்த சரக்கு கப்பல் ஏறுவது எளிதாக இல்லை. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சரக்கைக் கொண்டு சேர்த்தன. அப்படகுகள் ஆணி அடித்தவை அல்ல. பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்தவை. அலை மோதும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணி கொடுக்காது. செயற்கைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1881இல் வீசிய புயல் அதனைச் சிதைத்தது. பின்னர்ச் சீரமைக்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுழைவாயில் வடகிழக்காக மாற்றப்பட்டபின் துறைமுகம் நிலைபெற்றது.

இத்துறைமுகம் வழியே சென்றது முழுமை பெறாத தோல் என்பதே ஈண்டு கவனிக்கத்தக்கது. ஈ.ஐ. தோல் அரைப்பதத் தோல். அது இலண்டன் ஏலத்தில் விற்கப்பட்டு, பெர்மாண்ட்சி போன்ற இடங்களில் எண்ணெயும் சாயமும் ஏற்றப்பட்டு, நார்தாம்ப்டன் போன்ற ஊர்களில் காலணியாயிற்று. அங்கே தைக்கப்பட்டது, அங்கே விளிம்பும் மெருகேறியது. அவ்வாறு முடிந்த காலணிகளுள் சில கப்பலேறிச் சென்னைக்கே திரும்பி வந்து, அவ்வூர் மக்கள் எட்ட முடியாத விலைக்கு விற்கப்பட்டன. பட்டையை உரித்தவர், தோலைச் சுரண்டியவர், பொதியைத் தூக்கியவர் யாவரும் இங்கிருந்தனர். முடிப்பின் ஊதியம் அங்கிருந்தது.

அங்கும் தொழில் மாறிக்கொண்டிருந்தது. லைமன் பிளேக் 1858இல் அடித்தோல் தைக்கும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1870களில் சார்லஸ் குட்இயரின் மகன் பெயரால் வெல்ட் தைக்கும் எந்திரம் வந்தது. அமெரிக்காவின் லின் நகரில் குடியேறிய சூரினாம் நாட்டுக் கறுப்பினத் தொழிலாளி ஜான் மாட்செலிகர் 1883இல் மேல்தோலைக் கட்டையின்மேல் இழுத்துப் பொருத்தும் எந்திரத்தைப் படைத்தார். விளிம்பு சீவவும் சூட்டிரும்பு தேய்க்கவும் எந்திரங்கள் அடுத்தடுத்து வந்தன. எனினும், உயர்ந்த காலணியின் விளிம்பு இன்றும் தொழிலாளியின் கைப்பிடியிலேயே முடிகிறது. எந்திரம் சுழலும், காலணியை எந்தக் கோணத்தில் எவ்வளவு அழுத்துவது என்பதைக் கையே முடிவு செய்யும்.

போர்க்காலம்

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றின. மக்கள் நகரை விட்டு வெளியேறினர். எம்டன் என்னும் பெயர் தமிழில் பேச்சு வழக்காகவே நிலைத்துவிட்டது.

அப்போரில் சென்னையின் பங்கு அந்த ஓரிரவோடு முடியவில்லை. படைவீரர் காலணியின் மேல்தோலுக்கு ஈ.ஐ. மாட்டுத்தோல் மிகவும் ஏற்றது எனப் பிரிட்டிஷ் போர்த்துறை கண்டது. 1916ஆம் ஆண்டு ஆகஸ்டில் அத்தோல் வணிகத்தை அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் ஐரோப்பாவின் சேற்று அகழிகளில் நடந்தது. போர் முடிந்த மறு ஆண்டாகிய 1919இல் பதனிடாத தோல் ஏற்றுமதிக்கு 15 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. பேரரசுக்குட்பட்ட நாடுகளுக்குச் சென்றால் அவ்வரியில் 10 விழுக்காடு திருப்பித் தரப்பட்டது. பச்சைத் தோல் வெளியேறுவதைத் தடுப்பதாகச் சொன்ன வரி, பேரரசின் தொழிற்சாலைகளுக்கு மட்டும் வழியைத் திறந்தே வைத்தது.

குரோம் தோலும் வண்ணாரப்பேட்டைப் பள்ளியும்

இதற்கிடையே பதனிடும் முறையிலேயே ஒரு திருப்பம் நேர்ந்தது. குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறைக்கு அகஸ்ட் ஷுல்ட்ஸ் 1884இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். பட்டைப் பதனீட்டுக்கு வாரக்கணக்கும், கனத்த அடித்தோலுக்கு மாதக்கணக்கும் ஆகும். குரோம் முறையில் வேலை மிக விரைவாக முடிந்தது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1903ஆம் ஆண்டளவில் குரோம் பதனீட்டைச் சென்னையில் தொடங்கினார். கவலை இறைக்கும் தோற்சால் நீரில் விரைந்து அழுகுவது உழவர்க்குப் பெருஞ்செலவாக இருந்தது. குரோம் தோல் அதற்குத் தீர்வாயிற்று. செருப்பும் காலணியும் உடன் செய்யப்பட்டன. அரசு தொழில் நடத்துவதைத் தனியார் வணிகர் எதிர்த்தனர். 1910இல் இந்திய அமைச்சர் மார்லி பிரபு அதற்கு இசைவு மறுத்தார். தொழிற்சாலை ரீவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது. சில ஆண்டுகளில் பல்லாவரத்தருகே எழுந்த குரோம் லெதர் கம்பெனி தன் பெயரை ஓர் ஊருக்கே தந்தது. அதுவே குரோம்பேட்டை.

வடசென்னைக்குக் கிடைத்தது கல்விக்கூடம். 1915இல் தொடங்கிய தோல் தொழிற்பள்ளி வண்ணாரப்பேட்டையில் இயங்கிப் பின்னர்த் தோல் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்து, இன்று தரமணியில் நடைபெறுகிறது. 1948இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை உலகப் புகழ் பெறச் செய்த எலவர்த்தி நாயுடம்மாவும் தம் தொடக்க காலத்தில் சென்னைத் தோல் தொழிற்கல்வி நிலையத்தில் பணியாற்றியவரே. தோலைத் தொடுவது தீட்டு என்று கருதிய சமுதாயத்தில், தோலை வேதியியலாகப் படிக்கலாம் என்னும் நிலையை இக்கூடங்கள் உருவாக்கின.

குரோம் முறை விளிம்பு வேலையை இரு கூறாக்கியது. பட்டையில் பதனிட்ட தோல் நனைந்தபோது களிமண்போல் இசையும்; அழுத்தினால் அழுத்திய வடிவில் நிற்கும்; தேய்த்தால் ஒளிரும். குரோம் தோலின் இழைகள் மீள்தன்மை உடையவை. எவ்வளவு தேய்த்தாலும் மீண்டும் பஞ்சுபோல் எழும். எனவே அதன் வெட்டு முகத்தை வண்ணப்பூச்சால் மூடவோ, மடித்துத் தைக்கவோ வேண்டும். மேல்தோலுக்குக் குரோம், அடித்தோலுக்குப் பட்டை என்னும் பங்கீடு நிலைபெற்றதற்கு இப்பண்பும் ஒரு காரணமாகும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தே தோலின் பிறப்பைச் சொல்லலாம். பட்டைத் தோலின் நடு பழுப்பாக இருக்கும். சாயம் ஊடுருவாத குரோம் தோலின் நடு நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருக்கும். மேற்பரப்பு எதையும் நடிக்கலாம். விளிம்பு உண்மையைச் சொல்லிவிடும்.

பட்டைத் தோலுக்குக் கருமை ஊட்டும் பழைய முறை தமிழர் நன்கறிந்த ஒன்றோடு தொடர்புடையது. கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் கூடினால் கருமை தோன்றும். எழுதும் மை இவ்வாறே செய்யப்பட்டது. பட்டைத் தோலில் துவர்ப்பு முன்பே உள்ளது. இரும்பு கலந்த நீரை விளிம்பில் தடவினால் தோல் தானே கறுக்கும். புலவர் எழுதிய மையும் தோற்றொழிலாளி தடவிய கருமையும் ஒரே வேதியியலில் பிறந்தவை.

1973க்குப் பின்

நாடு விடுதலை பெற்ற பின்னும் கால் நூற்றாண்டுக் காலம் அரைப்பதத் தோலே பெரும்பாலும் கப்பலேறியது. சீதாராமையா குழு 1972இல் அளித்த பரிந்துரையை ஒட்டி, 1973 முதல் பச்சைத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டு, அரைப்பதத் தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. முழுமை பெற்ற தோலுக்கும் தோற்பொருளுக்கும் ஊக்கம் அளிக்கப்பட்டது. கட்டுப்பாட்டை எதிர்த்தோரும் உண்டு; சிறு பதனீட்டாளர் பலர் புதிய எந்திரங்களுக்கு முதலீடு இன்றி இடர்ப்பட்டனர். ஆயினும் ஆம்பூர், இராணிப்பேட்டை, சென்னைப் புறநகர்ப் பகுதிகளில் காலணித் தொழிற்சாலைகள் எழுந்தன. முதலில் மேல்தோல் மட்டும் தைத்து அனுப்பப்பட்டது. பின்னர் முழுக் காலணியும் அனுப்பப்பட்டது. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் சரக்குப் பெட்டக முனையம் திறக்கப்பட்டது. மூட்டையாகச் சென்ற தோல் அட்டைப்பெட்டியில் அடுக்கிய காலணியாகச் செல்லத் தொடங்கியது. அதன் விளிம்பை மெருகிட்ட கை இப்போது தமிழ்நாட்டுக் கை.

முடிப்புரிமை வந்தபோது முடிப்பின் சுமையும் வந்தது. 1994இல் ஜெர்மனி உடல்நலத்துக்குக் கேடு தரும் சில அசோ சாயங்களைத் தடை செய்தது. இங்குள்ள சாயக் கலவைகள் மாற வேண்டியதாயிற்று. 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வேலூர்க் குடிமக்கள் நலமன்ற வழக்கில், மாசுபடுத்துவோரே ஈடு செய்ய வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாலாறு பட்ட துன்பம் நாடறிந்தது. மெருகின் விலையை ஆறும் கொடுத்தது என்பதை மறைத்து இத்தொழிலின் வெற்றியை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

திருவொற்றியூரும் ரப்பர் அடியும்

தோல் விளிம்பின் எல்லையைச் சுருக்கிய பொருளும் வடசென்னையிலேயே வளர்ந்தது. 1946இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். 1952இல் டயரின் மேற்பட்டைக்கான ரப்பரும், 1960களில் டயரும் அங்கே உருவாயின. அதுவே எம்.ஆர்.எப். நிறுவனம். எண்ணூரில் 1948 முதல் மோட்டார் வண்டித் தொழிற்சாலை இயங்கியது. ஆலைகளுக்கு நடந்து சென்றோரின் கால்களுக்குத் தோலடி கட்டுப்படியாகவில்லை. தேய்ந்த டயரை அறுத்துச் செய்த செருப்பே உழைப்பாளியின் அடிபுதை அரணமாயிற்று. அதன் ஓரம் கத்தி விட்ட வடிவிலேயே நிற்கும். மெருகை அது கேட்பதில்லை.

பின்னர் அச்சில் வார்த்த அடிகள் வந்தன. துறைமுகத்திலும் ஆலையிலும் அணியும் பாதுகாப்புக் காலணிகளில் அடி முழுவதும் ஒரே வார்ப்பு. அதற்குச் சீவ வேண்டிய ஓரமே இல்லை. பசையால் ஒட்டிய மலிவுக் காலணிகளில் தையலையும் விளிம்பையும் அச்சிலேயே வரைந்துவிடுகின்றனர். தேய்ந்தால் எறிவதே வழக்கமாயிற்று. இவ்வாறு விளிம்பு வேலை உயர்ந்த தோற்காலணி என்னும் சிறு வட்டத்துக்குள் ஒடுங்கியது.

பழைய காலணிக்குப் புது விளிம்பு

ஒடுங்கிய அவ்வட்டத்திலும் ஒரு புத்துயிர்ப்பு உண்டு. வெல்ட் தைத்த காலணியின் அடித்தோல் தேய்ந்தால், பழைய தையலைப் பிரித்துப் புது அடி தைக்கலாம். அப்போதெல்லாம் விளிம்பு புதிதாய்ப் பிறக்கிறது. அடி மாற்றாமலே விளிம்பை மட்டும் புதுப்பிப்பதும், அணிபவர் விருப்பத்துக்கேற்ப மாற்றுவதும் உண்டு. கறுத்த விளிம்பைத் தேய்த்துத் தோலின் இயல்பு நிறத்துக்குக் கொண்டு வருவர். பழுப்புக் காலணிக்கு அடர்நிற விளிம்பிட்டு எடுப்பாக்குவர். காலணியின் இடைப்பகுதியைச் சரிவாகச் சீவி மெல்லியதாகத் தோன்றச் செய்வர்.

இவ்வேலையின் ஒழுங்குகள் சில. பழைய மெழுகை முழுதும் நீக்காமல் சாயம் இட்டால் சாயம் ஏறாது, திட்டுத்திட்டாக நிற்கும். சாயமிடுமுன் மேல்தோலை ஒட்டுத்தாளால் மறைக்க வேண்டும். சாயம் பட்ட மேல்தோலை மீட்பது அரிது. உப்புத்தாளை ஒரே திசையில் செலுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் விளிம்பு ஒரு நூலளவு குறைகிறது. தையலை நெருங்கிய விளிம்பை மீண்டும் தேய்ப்பது காலணியைக் கொல்வதாகும். சூட்டிரும்பு மெழுகை உருக்க வேண்டும். தோலைக் கருக்கக் கூடாது. தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்தால் கடினமும், விளக்குக் கரி சேர்த்தால் கருமையும் கிட்டும். எவ்வளவு சேர்ப்பது என்பது ஒவ்வொரு கையின் இரகசியம்.

நடைபாதையில் குடைநிழலில் அமர்ந்து தைப்பவரிடம் சூட்டிரும்பும் பற்சக்கரமும் இல்லாமல் போகலாம். கத்தி, குத்தூசி, மெழுகு நூல், உப்புத்தாள், கவிழ்த்த காலணியைத் தாங்கும் இரும்புக் கட்டை ஆகியவற்றைக் கொண்டே அவர் விளிம்பைத் திருத்துகிறார். ஏற்றுமதித் தொழிற்சாலையில் பத்துப் பேர் பகிர்ந்து செய்யும் வேலையை அவர் ஒருவரே செய்கிறார்.

உழைத்தோர் நிலை

இவ்வணிகத்தில் பெரியமேடு, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு ஊர்களின் முஸ்லிம் வணிகர் பெரும்பங்கு பெற்றனர். தாம் ஈட்டிய பொருளால் கல்விக்கூடங்களும் கண்டனர். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சுரண்டியவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். செருப்புத் தைத்தலை அருந்ததியரின் குலத்தொழிலாகவே சமுதாயம் கட்டி வைத்தது. கோவிலுக்குள் தோல் நுழையக் கூடாது என்றது. கோவிலுக்கு வெளியே அடித்த முரசின் தோலைப் போர்த்தியவர் யார் என்று கேட்கவில்லை. உயர்சாதித் தெருவில் செருப்பணிந்து நடக்கத் தடைவிதித்தது. தடைபட்டவருள் அச்செருப்பைத் தைத்தவரும் இருந்தார்.

இந்நிலையை எதிர்த்த குரல்களும் சென்னையில் எழுந்தன. 1920களில் சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்த எல். சி. குருசாமி அருந்ததியர் குழந்தைகளின் கல்விக்காகப் போராடினார். தென்னாப்பிரிக்காவில் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், தமிழர் பலர் உடன் வாழ, காந்தியடிகள் காலன்பாக்கிடம் செருப்புத் தைக்கக் கற்றார். தாம் தைத்த ஒரு சோடியைத் தம்மைச் சிறையிட்ட ஸ்மட்சுக்கே அளித்தார். அவர் விரும்பிக் கற்ற தொழிலிலிருந்து விலக, தாய்நாட்டில் எத்தனையோ பேருக்கு உரிமை இல்லாதிருந்தது. 2009இல் தமிழக அரசு பட்டியலினத்தவர்க்குரிய 18 விழுக்காட்டினுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கியது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாள் உச்ச நீதிமன்றம் அத்தகைய உள்பிரிவு செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

தொழில் இழிவன்று, அதனைப் பிறப்போடு பிணைத்ததே இழிவு என்னும் தெளிவு இங்கே இன்றியமையாதது. தோற்றொழிலாளியின் மகள் மருத்துவராவதும், வேறு குடியில் பிறந்தவர் காலணிக் கலையை விரும்பிப் பயில்வதும் ஒருங்கே நிகழும்போதுதான் விளிம்பு வேலை கலையாக மதிக்கப்படும். அதுவரை அது ஒருவர்க்குக் கட்டாயமாகவும் மற்றவர்க்கு அழகாகவுமே இருக்கும்.

முடிவுரை

இராயபுரத்தில் இருப்புப் பாதை தொடங்கிய 1856க்கும், அரைப்பதத் தோலுக்குக் கட்டுப்பாடு வந்த 1973க்கும் இடைப்பட்டது ஏறத்தாழ 117 ஆண்டுகள். அக்காலமெல்லாம் சென்னை தோலைப் பதனிட்டது. ஆனால் முடிக்கும் உரிமை பெரிதும் பிறரிடமே இருந்தது. மூலப்பொருள் உடையவனைவிட முடிப்பு அறிந்தவனே மிகுதியாகப் பெறுகிறான் என்பதே இவ்வரலாறு தரும் பாடம். 1973க்குப் பின் அவ்வுரிமை நாட்டுக்கு வந்தது. நாட்டுக்குள் அது யாரைச் சென்றடைந்தது என்பது வேறு வினா. ஏற்றுமதியாளரின் பெயர் காலணிப் பெட்டியில் உண்டு; வாங்கும் நிறுவனத்தின் பெயர் உள்ளடித்தோலில் பொன்னெழுத்தில் உண்டு. விளிம்பை மெருகிட்டவர் பெயர் எங்கும் இல்லை.

வண்ணாரப்பேட்டை, மாதவரம், இராயபுரம், திருவொற்றியூர் பகுதிகளில் தோலோடு வாழ்ந்த மூத்த தொழிலாளரின் நினைவுகளையும், அவர்கள் கருவிகளுக்கும் செய்முறைகளுக்கும் வழங்கிய சொற்களையும் தொகுப்பது தமிழ்த்துறைகளின் கடமையாகும். நெசவுக்கும் உழவுக்கும் மீன்பிடிக்கும் தொழிற்சொற்கள் தொகுக்கப்பட்டதைப் போல் தோலுக்கும் தொகுக்கப்பட வேண்டும். அச்சொற்கள் பேசுவோரோடு மறைந்துகொண்டிருக்கின்றன. மற்போர் செய்த மன்னனின் பெயரைப் புறநானூறு காத்துத் தந்தது. கட்டில் பிணித்தவனின் பெயரைத் தரவில்லை. அந்தக் குறையை இனியேனும் தொடராமல் இருப்பது நம் கையில் உள்ளது.